செக்ரோலில் இல்லாதவர்கள்

எங்கள் தோட்டத்தில் மனு எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர்க் குழாய் உடைந்தது, பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டகைக் கூரை ஒழுகுகிறது, பள்ளிக்கூட பஸ் வரவில்லை, எதுவானாலும் என் வாசலில் வந்து நிற்பார்கள். நான் மூன்றாம் படிவம் வரை மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழிலும் எழுதுவேன், மலாயிலும் எழுதுவேன். பாலுக்காக மரம் கீறி வெட்டுகிற கைக்கு இந்த எழுத்தா என்று ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியே ஒருமுறை கேட்டிருக்கிறார். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. கோபமும் மூக்கு நுனியில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எண்பதுகளின் நடுவில், போர்டிக்சன் போகிற பாதையில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

மனுவுக்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. எழுதியதை மாரியம்மன் கோயில் முன்னால், எல்லாரும் கூடியிருக்கும்போது உரக்கப் படிக்க வேண்டும். யாராவது கை தூக்கி, இந்தச் சொல் வேண்டாம் என்றால் அங்கேயே பேசித் தீர்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து, கைநாட்டு. படித்ததற்கு மேல் ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாத இடத்தில் அவர்களுக்கு இருந்த காவல் அது ஒன்றுதான்.

அந்த வருடம் தோட்டத்துக்கு ஒரு காண்ட்ராக்டர் வந்து சேர்ந்தார். அவரோடு இருபது இருபத்தைந்து இந்தோனேசியர்கள், ஆணும் பெண்ணுமாக வந்தார்கள். ஆற்றோரம் இடியக் காத்திருந்த பழைய லயத்து வீடுகளில் அவர்களைக் குடிவைத்தார்கள். அடுத்த வாரமே சமவெளியில் இருந்த இளமரங்களெல்லாம் அவர்கள் கைக்குப் போயின. எங்களுக்கு மேட்டுக்காட்டுக் கிழட்டு மரங்கள். ஏறி இறங்கி முழங்கால் கழன்றதுதான் மிச்சம், வாளியில் பால் தேறவில்லை. வேலை நாளும் குறைந்தது. என் கணவர் அப்போது தொழிலாளர் கமிட்டியின் செயலாளர். மானேஜரை இரண்டு முறை போய்ப் பார்த்தார். "யோசிக்கலாம்" என்ற பதிலோடு இரண்டு முறையும் திரும்பி வந்தார். அவர் சாதுவான மனிதர். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

"மனு எழுதறேன். இந்தத் தடவ மானேஜருக்கு இல்ல, கவர்மெண்டுக்கு," என்றேன்.

இங்கே என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவருக்கு மூத்தவர், எங்களோடுதான் இருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் வேறொரு தோட்டத்தில் பிறந்தவர். அந்தக் குழப்பத்தில் அவர் பிறந்ததை எவரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் ஐசி என்ற அடையாள அட்டை எடுக்கவில்லை. ஐசி இல்லாமலே கல்யாணம் நடந்தது, ஐசி இல்லாமலே புருஷன் செத்தான், ஐசி இல்லாமலே தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு இனி வேலை கிடையாது என்று சட்டம் வந்தபோது, தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் இருந்து அவர் பெயரை அடித்தார்கள். ஆனாலும் வேலையை விடவில்லை. எங்கள் தோட்டங்களில் அதற்கு ஒரு வழி இருந்தது. செக்ரோலில் பெயருள்ளவரோடு வீட்டு ஆள் ஒருவர் கூடப் போய் மரம் வெட்டலாம். கிராணிக்கும் தெரியும், வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் தெரியும், யாரும் கேட்க மாட்டார்கள். பதினைந்து வருடமாக அவர் அப்படித்தான் வெட்டினார். முதலில் தம்பியோடு, நான் வந்தபின் என்னோடு. எனக்கு ஒதுக்கிய நிரையில் பாதி மரம் அவர் கையால் வெட்டியது. ஆள் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் "வந்திருக்கேன்" என்று குரல் கொடுப்பதோ நான் மட்டும்.

கோயில் முன்னால் மனுவைப் படித்த சாயங்காலம் நாற்பத்தேழு பேர் இருந்தார்கள். நான் நிமிர்ந்து நின்று படித்தேன். "கள்ளத்தனமாகக் குடியேறியவர்களைக் காண்ட்ராக்டர் கொண்டுவந்து வேலை வாங்குகிறார்" என்ற வரி வந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. என் நாத்தனார்.

"கள்ளத்தனமான்னு போடாதே. வெளியாளுங்கன்னு போடு."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் சொல்லியிருக்கலாமே, ஊர் நடுவிலா என் எழுத்தில் கை வைப்பது?

"ஏன் அண்ணி? கப்பல்ல டிக்கெட் எடுத்தா வந்தாங்க? படகுல வந்து எறங்குனவங்கதானே?"

"எப்படி வந்தாங்கன்னு நீ பாத்தியா? அவுங்க எதத் திருடுனாங்க? கள்ளன்னா திருடுனவன்தானே?"

"நம்ம எளமரத்தத் திருடலயா?" என்று ஒருவர் கத்தினார். சிரிப்பு எழுந்தது.

"அத குடுத்தது தொர. வாங்குனது காண்ட்ராக்டரு. அவுங்க ரெண்டு பேருக்கும் என்னா பேரு போட்டிருக்க, படி பாப்போம்," என்றார் நாத்தனார்.

நான் பார்த்தேன். 'மதிப்பிற்குரிய மானேஜர்', 'காண்ட்ராக்டர் அவர்கள்' என்று போட்டிருந்தேன். அது மனு எழுதுகிற மரியாதை, அதை யார் மாற்றுவார்கள்? ஆனால் பின்வரிசையில் முணுமுணுப்புக் கிளம்பிவிட்டது. வெளியாள் என்றே போட்டால் என்ன என்றார் ஒருவர். நம்மையும் ஒரு காலத்தில் வெளியாள் என்றுதானே சொன்னார்கள், அதுகூட வேண்டாம், காண்ட்ராக்ட் ஆள் என்று போடு என்றார் இன்னொருவர். அப்படி எழுதினால் மேலே இருப்பவன் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவான் என்றேன் நான். காரம் இருந்தால்தான் அதிகாரி எழுந்து வருவார்.

"வெறும் வார்த்தைதானே அண்ணி," என்றும் சொன்னேன்.

"வெறும் வார்த்தன்னா மாத்திடேன்லா," என்றார் அவர்.

நாற்பத்தேழு பேரும் அவர் பக்கம் சாய்ந்தார்கள். முறை முறைதான், மாற்றினேன். 'வெளியாட்கள்' என்று எழுதி, மறுபடி படித்து, கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து என் கணவருடையது. உதட்டில் சிரிப்பு, உள்ளே கொதிப்பு.

மறுநாள் மத்தியானம் அதை மலாயில் எழுத உட்கார்ந்தபோது முன்னறையில் வேறு யாரும் இல்லை. கையெழுத்துத் தாள்கள் தனி, மனு தனி. சேர்த்துக் குத்துவது என் வேலை. 'வெளியாட்கள்' என்பதற்கு மலாயில் ஒரு சாதுவான சொல்லைப் போட்டுப் பார்த்தேன். உப்புச் சப்பில்லாமல் இருந்தது. அடித்துவிட்டு 'பெண்டாத்தாங் ஹாராம்' என்று எழுதினேன். கள்ளக்குடியேறி என்பதைவிடக் கடுமை, ஆகாதவர், விலக்கப்பட்டவர் என்ற வாடையும் அதில் உண்டு. அதோடு விட்டேனா? கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'செக்ரோலில் பெயர் இல்லாமல் இத்தோட்டத்தில் மரம் வெட்டும் ஒவ்வொருவரும் கள்ளத்தனமாகக் குடியேறியவரே.' எழுதி முடித்து இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தேன். என்ன அழகான வரி என்று எனக்கே பெருமையாக இருந்தது. அந்த நேரத்தில் நாத்தனார் பின்கட்டில் என் வேலைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தார். அந்த வரிக்குள் அவரும் இருக்கிறார் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. கோபத்தில் எழுதுகிறவளுக்குக் கண் எங்கே தெரியும்?

ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஏழாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும், பால் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். இரண்டு லாரி, ஒரு ஜீப். போலீஸும் இமிகிரேஷன்காரர்களும் செம்மண் பாதையில் வந்து இறங்கினார்கள். சமவெளிப் பக்கம் கூச்சல் கேட்டது. லாலான் புல்லுக்குள் ஆட்கள் ஓடினார்கள், பின்னாலேயே பூட்ஸ் கால்கள் ஓடின. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். என் எழுத்து வேலை செய்துவிட்டது என்று நெஞ்சு நிமிர்ந்தது. அதை மறைத்து என்ன பிரயோஜனம்?

பிறகு இறங்கி வந்திருந்த எல்லாரையும் பால் நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தினார்கள். கிராணியைச் செக்ரோலோடு கூப்பிட்டார்கள். அவர் பெயர் வாசிக்க வாசிக்க, வாசிக்கப்பட்டவர் ஐசியைக் காட்டி வலது பக்கம் போக வேண்டும். என் பெயர் வந்தது, போனேன். போய்த் திரும்பிப் பார்த்தேன். கிராணியின் விரல் பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டது. இடது பக்கம் சேறு அப்பிய இந்தோனேசியர்கள் குந்தியிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில், தோளில் காண்டாக் கம்பும் இரு முனையிலும் பால் வாளியுமாக, என் நாத்தனார் தனியாக நின்றிருந்தார்.

"ஐயா, இவங்க என் நாத்தனார். இங்கேயே இருக்கறவங்க," என்று மலாயில் கத்திக்கொண்டு ஓடினேன். அதிகாரி கிராணியைப் பார்த்தார்.

"பெயர் இருக்கிறதா?"

இருபது வருடமாக அவரைத் தெரிந்த கிராணி. தீபாவளிக்கு அவர் சுட்ட முறுக்கைத் தின்றவர். செக்ரோலை விட்டுத் தலையைத் தூக்காமல் "இல்லை" என்றார். பொய் சொல்லவில்லை, பாவம். முழு உண்மையையும் சொன்னால் தன் தலை உருளும் என்று பயந்தார்.

"கோசோங்," என்றார் லாரி ஓரம் நின்ற இளம் போலீஸ்காரர். காலி என்று அர்த்தம். கையில் பத்திரம் இல்லாத ஆளை அப்படித்தான் சொல்வார்கள். நாத்தனாரைக் கையால் காட்டி, ஆட்களை எண்ணிக்கொண்டே போனார்.

நாத்தனார் அழவில்லை. "இருங்க, பால் கட்டிப் போயிடும்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, இரண்டு வாளியையும் தொட்டியில் ஊற்றினார். பிறகு லாரியில் ஏறினார். ஏற முடியாமல் தடுமாறியபோது மேலே இருந்த ஒரு இந்தோனேசியப் பெண் கை கொடுத்துத் தூக்கினாள். என் கணவர் மேட்டுக்காட்டிலிருந்து ஓடி வந்தபோது புழுதிதான் இருந்தது.

ஒன்பது நாள். டவுன் காவல் நிலையத்துக்கு மூன்று முறை போனோம், மூன்று முறையும் பார்க்க விடவில்லை. திருப்பி அனுப்பிவிட்டால் எங்கே அனுப்புவார்கள்? அவருக்கு இந்தியாவில் யாரையும் தெரியாது, இந்தோனேசியாவிலும் யாரையும் தெரியாது. கப்பலில் ஏற்றினால் இறங்குவதற்கு ஒரு கரை இல்லாத மனுஷி. நான் சோறு ஆக்கினேன், யாரும் தின்னவில்லை. என் கணவர் தன் பிறப்புப் பத்திரத்தைத் தேடி எடுத்தார், அம்மா பெயர் அதில் இருந்தது. ரஹாங்கில் குடியிருந்த பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஒருவரைப் பிடித்து, இந்த அம்மாவைச் சின்ன வயதிலிருந்து தெரியும் என்று எழுதி வாங்கினார். அவையெல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒன்பதாம் நாள் உள்ளே போய் அதிகாரி முன்னால் உட்கார்ந்தோம்.

அவர் நடுத்தர வயது மலாய்க்காரர், குரலை உயர்த்தாதவர். தாள்களைப் பொறுமையாகப் படித்தார். "உங்கள் அக்காள் இங்கே பிறந்தவர் என்று நான் நம்புகிறேன்," என்றார். பிறகு ஃபைலைத் திறந்து ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பினார்.

என் கையெழுத்தைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"இந்த மனுவால்தான் சோதனை நடந்தது. இந்தக் கடைசி வரியைப் பாருங்கள். செக்ரோலில் பெயர் இல்லாத ஒவ்வொருவரும். கீழே முதல் கையெழுத்து அந்த அம்மாவின் தம்பியுடையது. நாளை என் மேலதிகாரி கேட்பார், தம்பியே இப்படி எழுதியிருக்கிறாரே என்று. நான் என்ன சொல்வது?" என்றவர், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே மேலும் சொன்னார், "அதோடு, 'ஹாராம்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தச் சொல்லை எழுதுவதில்லை, கடுமையாக இருக்கிறது. 'அனுமதி இல்லாமல் வந்தவர்' என்றுதான் எழுதுவேன்."

நல்ல மனிதர்தான். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த நல்ல சொல்லால் என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது.

என் கணவர் அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். அவருக்கு மலாய் மெதுவாகத்தான் வரும்.

"இது கோயில்ல படிக்கலயே," என்றார். "இத எப்ப எழுதுன?"

கல்யாணமான ஏழு வருடத்தில் அவர் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. அன்றும் கடியவில்லை. என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம்.

அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். மனுவில் உள்ளதற்கு விளக்கம் எழுதித் தாருங்கள், இன்றே அந்த அம்மாவை அனுப்பிவைக்கிறேன் என்றார்.

"எல்லாம் பொய்னு எழுதிரு," என்றார் என் கணவர் தமிழில். "மனுவே வேணாம்னு எழுது. அக்கா வெளிய வரட்டும்."

பேனாவை எடுத்தேன். எல்லாம் பொய் என்று எப்படி எழுதுவது? நாற்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். இளமரம் திரும்பக் கிடைக்கும் என்று காத்திருக்கிறார்கள். மனு பொய்யென்றால் காண்ட்ராக்டர் மறுநாளே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவார். இதெல்லாம் நான் எனக்குள் சொல்லிக்கொண்ட நியாயங்கள். இன்னொன்றும் இருந்தது. அது என் மனு. அதைப் பொய்யென்று என் கையாலேயே எழுத எனக்கு மனம் வரவில்லை. பத்து நிமிடம் யோசித்து, மலாயில் ஒரு பத்தி எழுதினேன். மேற்கண்ட வரி இந்த ஒருவரைப் பொறுத்தவரை மட்டும் தவறு, இவர் இந்நாட்டில் பிறந்த எங்கள் குடும்பத்தவர், மற்றபடி மனுவில் உள்ளவை உண்மையே என்று முடித்தேன். அதிகாரி படித்துப் பார்த்து, நன்றாக எழுதுகிறீர்கள் என்றார். அந்த நேரத்திலும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அரைமணி கழித்து நாத்தனார் வெளியே வந்தார். போட்டிருந்த அதே வேலைச் சட்டை, பால் காய்ந்து விறைத்திருந்தது. தம்பியின் தோளைத் தொட்டார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது எனக்கு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையம் வரை விடவே இல்லை. அவருக்கு நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசி கிடைக்க அதன் பிறகும் ஏழு வருடம் அலைந்தோம். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. முடிந்தது, காப்பாற்றிவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

பஸ்ஸில் நானும் அவரும் பக்கத்தில் உட்கார்ந்தோம். என் கணவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்பாங்கான் பக்கமிருந்து வந்த பெண்கள் பசாரில் வாங்கிய கூடைகளோடு ஏறினார்கள். டவுன் தாண்டியதும் நாத்தனார் கேட்டார்.

"எப்படி விட்டாங்க? என்னா எழுதிக் குடுத்த?"

மனுவில் சேர்த்த வரியைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு என் விளக்கத்தையும் சொன்னேன். சொல்லும்போது என் குரலில் பழைய பெருமை எட்டிப் பார்த்தது.

"ஒங்கள மட்டும் தனியாப் பிரிச்சு எழுதிட்டேன் அண்ணி. மனுவுக்கும் ஒன்னும் ஆவல."

அவர் என் பக்கம் திரும்பினார். "உள்ள இன்னும் பதினோரு பொம்பளைங்க இருக்காங்க. லாரில எனக்குக் கை குடுத்தவ எம் பக்கத்துலதான் படுத்திருந்தா. அவ ஏழு மாசக் கர்ப்பம். எனக்குக் குளுருதுன்னு அவ சாரோங்க எம்மேல போத்திவிட்டா."

அவரே தொடர்ந்தார்.

"அவளுக்கும் செக்ரோல்ல பேரு இல்ல, எனக்கும் இல்ல. அவகிட்டயும் சூராட்டு பத்திரம் இல்ல, எங்கிட்டயும் இல்ல. அவளும் மரந்தான் வெட்டுனா. எங்க ரெண்டு பேரயும் நீ எப்படிப் பிரிச்ச?"

"நீங்க இங்க பொறந்தவங்க அண்ணி."

"யாரு பாத்தா? தம்பி வந்து சொன்னான், அதுனால உட்டாங்க." அவர் குரல் உயரவே இல்லை. "அவளுக்கு இங்க தம்பி இல்ல."

கூடைக்காரப் பெண் ஒருத்தி எங்களைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவர் கையைப் பிடித்திருந்தேன். அவர் அதை மெல்ல விடுவித்துக்கொண்டு, காய்ந்த பாலைச் சட்டையிலிருந்து நகத்தால் உரிக்க ஆரம்பித்தார். தோட்டத்துச் சந்தி வந்ததும் எழுந்தார். தம்பியிடம் மட்டும் "வா" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.